நோயாளிக் குறிப்பு விவாதம்: ஏழு நாள் காய்ச்சலும் ஒரு கரும்பொருக்கும், ஆய்விதழுக்கு அனுப்பத் தகுமா?

பதிவு 1: புதுவயல் பொது மருத்துவர்

(நோயாளி யார் என்று காட்டிக்கொடுக்கும் நான்கு விவரங்கள் இப்பதிவிலிருந்து பின்னர் நீக்கப்பட்டுள்ளன. காரணம் ஐந்தாம் பதிவில் இருக்கிறது.)

அனைவருக்கும் வணக்கம். சாக்கோட்டை, புதுவயல் வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளாகப் பொது மருத்துவம் பார்த்து வருகிறேன். காரைக்குடியில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் மருத்துவர் வட்டத்தில் அடுத்த முறை நான் ஒரு நோயாளிக் குறிப்பை வாசிக்க வேண்டும். அதையே ஆய்விதழுக்கும் அனுப்பலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அந்த அளவுக்கு அதில் ஏதாவது இருக்கிறதா என்பதில் எனக்கே ஐயம் இருப்பதால் இங்கே வைக்கிறேன்.

எழுபதுகளில் இருக்கும் ஓர் ஆச்சி, கார்த்திகை மாதத்தில் ஏழு நாள் காய்ச்சலோடு வந்தார். அதற்கு முன் வேறோர் இடத்தில் வைடால் பரிசோதனை செய்து, டைபாய்டு என்று சொல்லி, ஐந்து நாள் செஃப்ட்ரியாக்சோன் ஊசி போட்டிருந்தார்கள். காய்ச்சல் ஒரு டிகிரிகூட இறங்கவில்லை. என்னிடம் வந்தபோது கடுமையான தலைவலி இருந்தது, மூச்சு சற்று வாங்கியது, இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்தன, கல்லீரல் நொதிகள் இரு மடங்குக்கு மேல் ஏறியிருந்தன. டெங்குவாக இருக்குமோ என்று நானும் முதலில் நினைத்தேன். ஆனால் டெங்கு இத்தனை நாள் இறங்காமல் நிற்பது வழக்கமில்லை. துணையாக வந்த பெண்ணை உடன் வைத்துக்கொண்டு உடலை முழுவதும் பார்த்தபோது, இடது மார்பின் அடிமடிப்பில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கரும்பொருக்கு இருந்தது. அதைச் சுற்றி மெல்லிய சிவப்பு வளையம் இருந்தது. தொட்டால் வலி இல்லை. நுண்சிலந்தி கடித்துப் பரவும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல்தான் என்பதை, எலைசா முறையில் எடுத்த ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள் பரிசோதனையும் உறுதி செய்தது. டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் காலையும் மாலையும் கொடுக்கத் தொடங்கிய இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது.

வீட்டைப் போய்ப் பார்த்தேன். இரண்டாங்கட்டுக்குப் பின்னால் உள்ள தோட்டத்தில் புல்லும் புதரும் முழங்கால் உயரத்துக்கு மண்டியிருந்தன. அடுத்த இரண்டு வீடுகளும் பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடப்பவை. அவற்றின் கொல்லையில் சீமைக்கருவேலமும் எலி வளைகளும்தான் இருக்கின்றன. இந்நோயைப் பரப்பும் நுண்சிலந்தியின் இளம்புழு வாழ்வதற்கு இதைவிடத் தோதான இடம் வேறு வேண்டியதில்லை.

இதில் புதிதாக ஒன்றும் இல்லை என்பது தெரியும். இருந்தும் எழுதலாமா?

பதிவு 2: தேவகோட்டை ரஸ்தா மருந்தாளுநர்

ஐயா, எழுத வேண்டாம் என்பது என் பணிவான கருத்து. ஸ்க்ரப் டைபஸ் பற்றிய ஒற்றை நோயாளிக் குறிப்புகள் ஏற்கெனவே மலைபோல் குவிந்து கிடக்கின்றன. ஒருவருக்கு ஒரு மருந்து கொடுத்தோம், குணமானார் என்பது சான்றாகாது. தானாகவே குணமாகும் கட்டத்துக்கு அவர் வந்திருக்கவும் கூடும். இதே நோயில் கேள்விக்கு விடை கொடுத்த ஆய்வு எப்படி இருக்கும் என்பதற்கு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் தலைமையில் நடந்து 2023இல் வெளியான ஆய்வைச் சொல்லலாம். கடுமையான ஸ்க்ரப் டைபஸ் நோயாளிகள் 794 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு டாக்சிசைக்ளின், இன்னொன்றுக்கு அசித்ரோமைசின், மூன்றாவது குழுவுக்கு இரண்டும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுத்தார்கள். இறப்பு, ஏழாம் நாளிலும் நீங்காத சிக்கல், ஐந்தாம் நாளிலும் விடாத காய்ச்சல் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கணக்கிட்டபோது, தனி மருந்து கொடுத்த குழுக்களில் 47, 48 விழுக்காட்டினருக்கு அவற்றுள் ஏதேனும் ஒன்று நேர்ந்தது. இரண்டும் சேர்த்துக் கொடுத்த குழுவில் 33 விழுக்காடுதான். எத்தனை நோயாளிக் குறிப்புகளை அடுக்கினாலும் இந்த விடை கிடைத்திருக்காது.

பதிவு 3: புதுவயல் பொது மருத்துவர்

உண்மை. ஆனால் அதே ஆய்வில் 28 நாளுக்குள் நேர்ந்த இறப்பை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் மூன்று குழுக்களுக்கும் தெளிவான வேறுபாடு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேலும், அந்த 794 பேரும் நோய் இன்னதென்று கண்டறியப்பட்ட பிறகு ஆய்வுக்குள் வந்தவர்கள். என் ஆச்சியோ ஏழு நாள் டைபாய்டு என்ற பெயரில் சுற்றியவர். எந்த மருந்து சிறந்தது என்பது ஒரு கேள்வி. நோயே கண்ணில் படாமல் போனது ஏன் என்பது வேறொரு கேள்வி. இரண்டாவதைக் குலுக்கல் ஆய்வு கேட்பதில்லை.

பதிவு 4: கண் மருத்துவர், திருப்பத்தூர் சாலை

இருவர் சொல்வதையும் ஒட்டி என் துறையிலிருந்து ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் நானே நோயாளிக் குறிப்புகளை நம்பிக் கெட்டவள்.

அறுவடைக் காலத்தில் நெற்தூசோ கரும்புத் தோகையோ கண்ணில் அடித்து, நான்கைந்து நாள் கழித்துக் கருவிழியில் வெள்ளைப் புள்ளியோடு வருபவர்களை இந்தப் பக்கத்து மருத்துவர் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அவர்களில் பெரும்பகுதியினருக்குப் பூஞ்சைக் கிருமியால் வந்த புண்ணாக இருக்கும். நாட்டமைசின் என்ற பழைய சொட்டு மருந்து கருவிழிக்குள் ஆழமாக ஊடுருவுவதில்லை. வோரிகோனசோல் என்ற புதிய மருந்து நன்றாக ஊடுருவும். எனவே புதியதுதான் சிறந்ததாக இருக்க வேண்டும் என்று ஏட்டறிவும் சொன்னது; பழைய மருந்துக்குக் கட்டுப்படாத புண் புதியதில் ஆறியது என்று ஒன்றன்பின் ஒன்றாக நோயாளிக் குறிப்புகளும் வந்தன. நானும் விலை கூடிய அந்த மருந்தை நம்பி எழுதிக் கொடுத்தேன்.

பிறகு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து 323 நோயாளிகளிடம் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். பழைய நாட்டமைசின்தான் வென்றது. பார்வையும் அதில்தான் கூடுதலாக மீண்டது, கருவிழி ஓட்டையாவதும் அதில்தான் குறைவு. நம் ஊர் வயல்களில் மிகுதியாக உள்ள ஃபியூசேரியம் வகைப் பூஞ்சையில் இடைவெளி இன்னும் பெரிது. ஏட்டறிவும் எங்கள் அனுபவமும் ஒரே திசையைக் காட்டின, இரண்டுமே தவறின. ஆறிய கண்களைப் பற்றித்தான் எல்லோரும் எழுதி அனுப்பினோம். ஆறாமல் போன கண்ணைப் பற்றி எழுத யாருக்கும் மனம் வரவில்லை என்பதே காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

ஆகவே மருத்துவர் ஐயா, "இந்த மருந்தால் குணமானார்" என்று எழுதப்போகிறீர்கள் என்றால் வேண்டாம். "இதைப் பார்க்கத் தவறினோம்" என்று எழுதப்போகிறீர்கள் என்றால் கட்டாயம் எழுதுங்கள்.

(இடைக்குறிப்பாக ஒன்று: கண் சிவந்தால் கடையில் ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி விடும் பழக்கம் இன்னும் நிற்கவில்லை. பூஞ்சைப் புண்ணுக்கு அது உரம். மருந்தாளுநர் நண்பரும் தன் கடைப் பையன்களிடம் சொல்லி வைக்க வேண்டும்.)

பதிவு 5: செவிலியர், கோட்டையூர்

முதல் பதிவை அது எழுதப்பட்ட வடிவிலேயே படித்தேன் ஐயா. மூன்றாவது வரிக்குள் அந்த ஆச்சி யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் அவர்களுக்கு உறவும் இல்லை, அந்த ஊர்க்காரியும் இல்லை.

பெயரைச் சொல்லவில்லை, அதனால் அடையாளம் மறைந்தது என்று பெருநகரத்து மருத்துவர் ஒருவர் நினைக்கலாம். செட்டிநாட்டில் அப்படி நினைக்க இயலாது. பிறந்த நாட்டையும், எந்தக் கோவிலைச் சேர்ந்தவர்கள் என்பதையும், மகன் எந்த நாட்டில் என்ன தொழில் செய்கிறார் என்பதையும், வீட்டு முகப்பில் உள்ள ஒரு வேலைப்பாட்டையும் நீங்கள் எழுதியிருந்தீர்கள். நகரத்தாருக்குக் கோவில்கள் ஒன்பது. ஒன்றைச் சொன்னாலே ஊரில் பாதிக்கு மேல் கழிந்துவிடும். அதன்மேல் மற்ற மூன்றையும் வைத்தால் மிஞ்சுவது ஒரே வீடு. மார்பின் அடிமடிப்பில் இருந்த பொருக்கைப் பற்றிய வரியும் அந்த வீட்டின்மேல்தான் போய் உட்கார்கிறது. நாளை ஒரு திருமணத்தில் யாராவது அதைப் பற்றி அவரிடமே விசாரித்தால் அவருக்கு எப்படி இருக்கும்?

நோயாளிக் குறிப்பு எழுதுவதற்கென்று 2013இல் வந்த கேர் என்ற நெறிமுறை, நோயாளியின் ஒப்புதலைக் கேட்கிறது. அதோடு நோயாளியின் பார்வையில் நடந்ததையும் குறிப்பில் சேர்க்கச் சொல்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளும் ஒப்புதலையும் மறைகாப்பையும் வலியுறுத்துகின்றன. ஆச்சியிடம் கேட்டீர்களா?

பதிவு 6: புதுவயல் பொது மருத்துவர்

கேட்கவில்லை அம்மா. நான்கு விவரங்களையும் இப்போதே நீக்கிவிட்டேன். மகனிடம் தொலைபேசியில் பேசியபோது "தாராளமாக எழுதுங்கள்" என்றார். அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். உடல் அவருடையது அல்லவே என்பது நீங்கள் கேட்ட பிறகுதான் உறைக்கிறது.

பதிவு 7: மயக்க மருத்துவர், சிவகங்கை

செவிலியர் அம்மா சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். ஆயினும் சமூகப் பெயரை எப்போதும் நீக்கிவிட வேண்டும் என்று ஒரு விதியாக வைத்துக்கொண்டால் என் துறையில் உயிருக்கே ஆபத்தாகும் இடமும் உண்டு.

அறுவை சிகிச்சைக்கு முன் மூச்சுக்குழாயில் குழல் செலுத்தும்போது தசைகளைத் தளரச் செய்ய சக்சினைல்கோலின் என்ற மருந்து கொடுக்கிறோம். வழக்கமாக ஐந்து, பத்து நிமிடங்களில் அதன் வேகம் அடங்கி நோயாளி தானாக மூச்சு விடுவார். ஆரிய வைசியச் சமூகத்தைச் சேர்ந்த சிலருக்கு மணிக்கணக்கில் மூச்சு திரும்பாமல் இருப்பதை மயக்க மருத்துவர்கள் ஆங்காங்கே கண்டு குறித்து வைத்தார்கள். அந்த மருந்தைச் சிதைக்கும் நொதி அவர்களிடம் மிகக் குறைவாக இருந்தது. 2006இல் கோயம்புத்தூர் ஆய்வாளர்களும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை இச்சமூகத்தவரிடம் கண்டு எழுதினார்கள். இன்று நான் அறுவைக்கு முன் கேட்கும் கேள்விகளில் "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது மயக்கம் தெளியத் தாமதமானதா?" என்பதும் ஒன்று. தனித்தனிக் குறிப்புகளில் சமூகப் பெயர் இல்லாமல் போயிருந்தால் அவற்றை ஒரே நூலில் கோத்துப் பார்த்திருக்க வழியே இல்லை.

அங்கே நோயின் காரணம் குருதி வழியில் இருந்தது, ஆகவே அந்தப் பெயர் தேவைப்பட்டது. இந்த ஆச்சிக்கோ பூச்சி கடித்தது, பூச்சி கோவில் பார்த்துக் கடிப்பதில்லை. புதரைப் பற்றி எழுதுங்கள், பூட்டிய வீடுகளைப் பற்றி எழுதுங்கள், மாதத்தை எழுதுங்கள். அவற்றுக்கு இந்நோயோடு தொடர்பு உண்டு. மகனுடைய தொழிலுக்கு இல்லை.

பதிவு 8: தேவகோட்டை ரஸ்தா மருந்தாளுநர்

ஸ்டீராய்டு சொட்டு பற்றிய அறிவுரைக்கு நன்றி; எங்கள் கடையில் சீட்டு இல்லாமல் அதைக் கொடுப்பதில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

நான் முதலில் சொன்னதிலிருந்து சற்று இறங்கி வருகிறேன். நோயாளிக் குறிப்பின் வலிமைக்கும் ஆபத்துக்கும் சேர்த்து ஒரே மனிதரைச் சொல்லலாம். 1961 டிசம்பரில் லான்செட் இதழுக்கு மெக்பிரைட் என்ற ஆஸ்திரேலிய மகப்பேறு மருத்துவர் ஒரு சிறு கடிதம் எழுதினார். கருவுற்ற காலத்தில் தாலிடோமைடு உட்கொண்ட தாய்மாருக்குக் கை கால் குறைபாட்டோடு குழந்தைகள் பிறப்பதைக் கண்டதாகவும், வேறு யாரும் இப்படிக் கண்டீர்களா என்றும் அதில் கேட்டிருந்தார். ஜெர்மனியில் லென்ஸ் என்ற மருத்துவரும் அதே நாட்களில் தனியாக அதையே கண்டார். பல நாடுகளில் அந்த மருந்து விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. அதே மெக்பிரைட் பிற்காலத்தில் வேறொரு மருந்தும் கருவைக் கெடுக்கிறது என்று நிறுவ முயன்று, ஆய்வுத் தரவுகளைத் திரித்தது நிரூபணமாகி, 1993இல் மருத்துவப் பதிவை இழந்தார். முதல் முறை அவர் கேள்வி கேட்டார். இரண்டாம் முறை விடையை முன்பே முடிவு செய்துகொண்டார். ஆகவே குறிப்பைக் கேள்வியாக முடிப்பதாக இருந்தால் எனக்கு மறுப்பில்லை.

பதிவு 9: ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர், கண்டனூர்

மருத்துவர்கள் பேசும் இடத்தில் நான் நீளமாகப் பேசுவது முறையன்று. ஆனாலும் கேள்வியை யார் கேட்கிறார்கள் என்பதும் முக்கியம் என்பதால் ஒரு பழைய செய்தி.

காசநோய் என்றால் சானடோரியத்தில் படுக்க வைத்து, நல்ல காற்றும் முட்டையும் பாலும் கொடுக்க வேண்டும் என்பது ஒரு காலத்து உறுதியான நம்பிக்கை. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம், ஒரு பகுதியினரைச் சானடோரியத்துக்கு அனுப்பி, மற்றவர்களை நெருக்கடி மிகுந்த அவரவர் வீட்டிலேயே வைத்து, இரு சாராருக்கும் அதே மாத்திரைகளை ஓராண்டு கொடுத்துப் பார்த்தது. 1959இல் வெளிவந்த முடிவின்படி, வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டிலிருந்த மற்றவர்களுக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுதும் காசநோயாளிகள் வீட்டிலிருந்தே மருந்து உட்கொள்வதற்கு வழி திறந்தது அந்தச் சென்னை ஆய்வு. பணமில்லாத நாடு தன் இல்லாமையிலிருந்து கேட்ட கேள்வி அது; படுக்கைகள் நிறைய இருந்த நாட்டுக்கு அதைக் கேட்கத் தேவை இருந்திருக்காது.

பூட்டிய வீடுகளுக்கு நடுவே முதியவர்கள் தனித்து வாழ்வது நம் பகுதியின் நிலை. இங்கிருந்து எழக்கூடிய கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும்.

பதிவு 10: முதியோர் மருத்துவர், காரைக்குடி

ஆய்வாளர் ஐயா தொட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். தனித்து வாழும் முதியவர்களிடம் நோய் தவறிப்போவது காய்ச்சலில் மட்டும் இல்லை.

சென்ற ஆண்டு எண்பதை நெருங்கும் ஓர் அம்மையாரை, "வயதாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது" என்று சொல்லி அழைத்து வந்தார்கள். இரண்டு வாரத்துக்கு முன்புவரை ஐந்தொகை போட்டவர், இப்போது சமையலறைக்கு வழி தெரியாமல் நின்றார். பக்கவாதம் என்று ஐயுற்று எம்.ஆர்.ஐ. எடுத்தாகிவிட்டது, மூளையில் புதிதாக ஒன்றும் இல்லை. இரத்தத்தில் சோடியம் 135க்கு மேல் இருக்க வேண்டியது 114 இருந்தது. மாத்திரை டப்பாவைக் கொண்டுவரச் சொன்னேன். மூன்று வாரத்துக்கு முன் இரத்த அழுத்தத்துக்கென்று தயசைடு வகை நீர் மாத்திரை ஒன்று சேர்க்கப்பட்டிருந்தது. உப்பைக் குறைக்கச் சொன்னதைக் கேட்டு, அம்மையார் கஞ்சியிலும் உப்பை அடியோடு நிறுத்தியிருந்தார். வெயிலுக்கு நிறையத் தண்ணீரும் குடித்திருந்தார். மெலிந்த உடல்வாகுள்ள வயதான பெண்களுக்கு, இந்த மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே இப்படி நேர்வது நன்கு அறியப்பட்ட ஒன்று.

மாத்திரையை நிறுத்தி, மிக மெதுவாகச் சோடியத்தை ஏற்றினோம். ஒரு நாளில் எட்டு, மிஞ்சினால் பத்து அலகுக்கு மேல் ஏற்றக் கூடாது. அவசரப்பட்டால் மூளைத்தண்டின் நரம்புறைகள் சிதைந்து, பேச்சும் கை காலும் நிலையாகப் போய்விடக்கூடும். "ஒரே நாளில் ஏற்றிவிட முடியாதா, மகன் விமானத்தில் வந்துகொண்டிருக்கிறார்" என்று உறவினர்கள் என்னை நெருக்கியது இன்னும் காதில் இருக்கிறது. ஐந்தாம் நாள் அந்த அம்மையார் என் கட்டணச் சீட்டில் இருந்த கூட்டல் பிழையைச் சுட்டிக்காட்டினார். அவரிடமே கேட்டு, அவர் விருப்பத்தோடுதான் இதை எழுதுகிறேன். கூட்டல் பிழையை விட்டுவிடக் கூடாது என்பது அவர் வைத்த நிபந்தனை.

புதுவயல் ஐயாவின் நோயாளிக்கும் இவருக்கும் உள்ள ஒற்றுமை நோயில் இல்லை. அன்றாடம் பக்கத்திலிருந்து பார்க்கும் ஒருவர் சொல்லியிருந்தால் இரண்டுமே முதல் நாளில் தெரிந்திருக்கும். நமது கேள்வித் தாளில் "கூட இருப்பவர் யார், அவர் எதைக் கவனித்தார்?" என்ற வரியே கிடையாது.

பதிவு 11: புதுவயல் பொது மருத்துவர்

நான்கு நாளாக இங்கே எழுதாததற்கு மன்னிக்கவும். குறிப்பைத் திரும்ப எழுதி, நேற்று ஆச்சியின் வீட்டுக்குப் போய், வளவில் உட்கார்ந்து தமிழில் முழுவதும் வாசித்துக் காட்டினேன். குளிக்க உதவும் பெண்ணும் அருகில் நின்று கேட்டார்.

"மருத்துவர் உடலைப் பரிசோதித்தபோது பொருக்கு கண்டறியப்பட்டது" என்ற வரியில் ஆச்சி என்னை நிறுத்தினார். "நீங்க எங்க கண்டுபிடிச்சிய? இவதான் காய்ச்சலுக்கு நாலு நாள் முந்தியே பாத்தா. வேனற்கட்டின்னு மஞ்சள் அரைச்சுப் போட்டா" என்றார். முதலில் ஊசி போட்ட இடத்திலும் அந்தப் பெண் இதைச் சொல்ல வாயெடுத்திருக்கிறார். அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார்கள். என்னிடமும் அவர் பரிசோதனை முழுவதும் அருகிலேயே நின்றார். நான் அவரை எதுவும் கேட்கவில்லை.

அந்த வரியைத் திருத்திவிட்டேன். மார்பைப் பற்றிய விவரம் இருக்கலாமா என்று ஆச்சியிடம் தனியாகக் கேட்டபோது, "இருக்கட்டும், இன்னொருத்திக்குத் தேடிப் பார்ப்பாக" என்றார். கைநாட்டு வேண்டாம் என்று சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையெழுத்திட்டார்.

கிளம்பும்போது இன்னொன்று தெரிந்தது. தோட்டத்தில் புல் அறுத்தது அந்தப் பெண்தான். ஐப்பசியில் அவருக்கும் பத்து நாள் காய்ச்சல் இருந்து தானாக விட்டிருக்கிறது. யாரிடமும் காட்டவில்லை.

பதிவு 12: செவிலியர், கோட்டையூர்

அந்தப் பெண்ணுக்கும் ஐ.ஜி.எம். எடுத்துப் பாருங்கள் ஐயா. இரண்டு மாதம் ஆகியிருந்தாலும் தெரிய வாய்ப்பிருக்கிறது. பரிசோதனைச் செலவு யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். அதற்குப் பயந்தே வராமல் இருந்துவிடுவார். ஒப்புதலையும் அவரிடம் தனியாக, ஆச்சி இல்லாத இடத்தில் கேளுங்கள்.

பதிவு 13: புதுவயல் பொது மருத்துவர்

செலவு என்னுடையது. திங்கட்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறேன்.